கணக்கில் எரியும் அடுப்புகள்

2016ஆம் ஆண்டு மே தினத்தன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் பிரதமரின் உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்டது. உலகத் தொழிலாளர்களின் நாளை இதற்கெனத் தேர்ந்தெடுத்த பிரதமர், அந்த மேடையில் தன்னையே நாட்டின் முதல் தொழிலாளி என்று வர்ணித்துக்கொண்டார். மூன்றாண்டுகளில் 5 கோடி ஏழைப் பெண்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு என்பது தொடக்க இலக்கு. பின்னர் அது 8 கோடியானது. 2019 செப்டம்பரில் 8 கோடியும் எட்டப்பட்டதாக மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத்தில் விழா நடந்தது. 2021 ஆகஸ்டில் மஹோபாவில் இரண்டாம் கட்டம் தொடங்கியது. 2025இல் 10 கோடியே 33 லட்சம் இணைப்புகள் என்று அரசு கணக்குச் சொன்னது. பெட்ரோல் நிலையங்களில், ரயில் நிலையங்களில், நியாயவிலைக் கடைகளின் சுவர்களில் சிலிண்டரோடு சிரிக்கும் பெண்ணின் படத்தைப் பார்க்காத இந்தியக் குடிமகன் எவரும் இருக்க முடியாது.

இந்த இணைப்புகள் வழங்கப்படவில்லை என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. வழங்கப்பட்டன. அடுப்பும் சிலிண்டரும் ரெகுலேட்டரும் கோடிக்கணக்கான குடிசைகளுக்குள் சென்று சேர்ந்தன. ஏழைப் பெண்ணின் பெயரில் ஒரு பொருள் பதிவாகியிருப்பதும் அற்பமான செய்தியல்ல. கேள்வி அதற்கு அடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது. முதல் சிலிண்டர் தீர்ந்த மறுநாள் அந்த வீட்டில் எது எரிந்தது?

2020 ஏப்ரலில் நாட்டின் குடும்பங்களில் 97 சதவீதத்துக்கும் மேல் சமையல் எரிவாயு இணைப்பைப் பெற்றுவிட்டன என்று பெட்ரோலிய அமைச்சகத்தின் புள்ளிவிவரம் பெருமையோடு அறிவித்தது. அதே காலகட்டத்தில், 2019 முதல் 2021 வரை, ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு வீடு வீடாகச் சென்று எந்த எரிபொருளில் சமைக்கிறீர்கள் என்று கேட்டது. எரிவாயு, மின்சாரம், சாண எரிவாயு ஆகிய தூய எரிபொருள்களைப் பயன்படுத்துவதாகச் சொன்ன குடும்பங்கள் 58.6 சதவீதம். கிராமப்புறத்தில் 43.2 சதவீதம். ஒரே அரசாங்கத்தின் இரண்டு அமைச்சகங்கள், ஒரே நாடு, ஒரே காலம். ஒன்று இணைப்பை எண்ணியது, மற்றொன்று நெருப்பை எண்ணியது. இடையில் விழுந்த கிட்டத்தட்ட 40 சதவீதம் குடும்பங்களின் கூரைகளிலிருந்து அப்போதும் விறகுப் புகைதான் எழுந்துகொண்டிருந்தது.

இதைத் தமிழில் வாசிக்கும் தோழர்களுக்கு விறகடுப்பு பழங்கதையாகத் தோன்றக்கூடும். அதே ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு 82.9 சதவீதம். ஆனால் ஜார்க்கண்டில் 31.9; சத்தீஸ்கரில் 33; ஒடிசாவில் 34.7. நாட்டின் அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரியை வெட்டி அனுப்பும் மூன்று மாநிலங்கள் இவை. மாநகரங்களின் இண்டக்‌ஷன் அடுப்புகள் ஓடுவதற்கான கரியைத் தந்துவிட்டு, இங்குள்ள பெண்கள் சுள்ளி பொறுக்கக் காட்டுக்குப் போகிறார்கள்.

மண் அடுப்பின் பராமரிப்பு

அடுப்பு என்பது வாங்கி வைத்துவிடும் பொருளன்று. நாள்தோறும் ஊட்டவும் துடைக்கவும் செப்பனிடவும் வேண்டிய ஒன்று. இந்த எளிய உண்மையைத் திட்டம் தீட்டுவோர் அறியாதிருப்பதற்குக் காரணம், அவர்களில் பெரும்பாலோர் அடுப்பின் முன் உட்கார்ந்ததில்லை என்பதுதான்.

வட இந்தியக் கிராமத்தின் சூலா என்னும் மண் அடுப்பை எடுத்துக்கொள்ளலாம். களிமண்ணையும் சாணத்தையும் வைக்கோல் துணுக்குகளையும் பிசைந்து அதைக் கட்டுபவள் அந்த வீட்டுப் பெண். வெப்பத்தில் வெடிப்பு விடும்போது மெழுகிச் சீராக்குபவளும் அவளே. மழைக்காலத்தில் ஊறிச் சரிந்தால் மீண்டும் எழுப்புபவளும் அவளே. விறகு சேகரித்தல், வறட்டி தட்டிக் காயவைத்தல், அதை மழையில் நனையாமல் அடுக்கி மூடுதல், சாம்பல் அள்ளுதல், கரி பிடித்த பாத்திரங்களைத் தேய்த்தல் ஆகிய அனைத்தும் அவள் பொறுப்பு. கொத்தனாரும் அவள், எரிபொருள் விநியோகஸ்தரும் அவள், துப்புரவுப் பணியாளரும் அவள். இத்தனைக்கும் கூலி ஒரு பைசா கிடையாது. 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடங்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். மண் அடுப்பு இலவசமாக எரிவதாகத் தோன்றுவது இந்த 289 நிமிடங்கள் எந்தக் கணக்கேட்டிலும் செலவாக எழுதப்படாததால்தான்.

எரிவாயு அடுப்பின் பராமரிப்போ முற்றிலும் வேறு வகை. பொங்கி வழிந்த கஞ்சி பர்னரின் துளைகளை அடைத்தால் நீலச் சுடர் மஞ்சளாகிறது, பாத்திரத்தின் அடியில் கரி ஏறுகிறது, வாயு வீணாகிறது. ரப்பர் குழாயை எலி கடிக்கிறது. சுரக்‌ஷா குழாய் எனப்படும் தரச்சான்று பெற்ற குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உஜ்வலாவின் தொடக்கத்தில் இணைப்புப் பெற்ற வீடுகளில் அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. ரெகுலேட்டர் பழுதானால் முகவரிடம் போக வேண்டும். வனப்பகுதிகளிலும் மலைக் கிராமங்களிலும் முகவர் இருக்கும் இடத்துக்குப் போய்வரவே ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போய்விடும். இவை அனைத்தும் கையில் காசு கேட்பவை. மண் அடுப்பு அவளுடைய உடலுழைப்பை உறிஞ்சி உயிர்வாழ்ந்தது. எரிவாயு அடுப்பு ரொக்கத்தைக் கேட்கிறது. உழைப்பு அவளிடம் இருக்கிறது, ரொக்கம் இல்லை. ஆகவே எது அணையும், எது எரியும் என்பதை அறியப் பெரிய பொருளாதார ஆராய்ச்சி தேவையில்லை.

பழைய திட்டத்தின் பழைய பாடம்

இலக்கை எண்ணிவிட்டு அடுப்பை மறந்துவிடும் இந்தப் பாணி பாஜக கண்டுபிடித்ததன்று. 1980களில் காங்கிரஸ் ஆட்சி தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வீடுதோறும் கட்டித்தருவது அதன் நோக்கம். 2002இல் ஒன்றிய அரசு கைவிடும் முன் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டதாகப் பதிவேடுகள் கூறின. கட்டிய அடுப்புக்கு இத்தனை ரூபாய் என்று கட்டுபவருக்குப் பணம் கொடுக்கப்பட்டது. கட்டியது மூன்று மாதம் கழித்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு எவருக்கும் பணம் கொடுக்கப்படவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தது. அடுப்பின் வாய் வெடித்தது. அடுப்பின் அளவுக்கு விறகைச் சிறிது சிறிதாகப் பிளக்கும் கூடுதல் வேலையும் பெண்ணின் தலையில் விழுந்தது. ஓரிரு ஆண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டுப் பழைய அடுப்பே திரும்பியது.

இந்தத் திட்டம் முடிந்த பிறகு, ஒடிசாவில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களைக் கொண்டு பொருளாதார அறிஞர்கள் ரீமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் மேம்பட்ட அடுப்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். முதல் ஆண்டில் பெண்கள் சுவாசிக்கும் புகை குறைந்தது. அதன் பிறகு அந்தப் பயன் மறைந்துபோனது. குடும்பங்கள் அடுப்பை முறையாகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை என்பதே அவர்கள் கண்ட காரணம். ஆய்வின் தலைப்பிலேயே குடும்பங்களின் நடத்தை என்னும் சொல் இடம்பெற்றது.

கண்டறிந்த செய்தி சரியானது. அதற்கு இட்ட பெயர்தான் விவாதத்துக்கு உரியது. அதிகாலையில் வயலுக்கும் சாலைப் பணிக்கும் போய் இருட்டிய பின் திரும்பும் ஒரு விவசாயக் கூலிப் பெண், கூரைமேல் ஏறிப் புகைபோக்கியின் கரியைத் தட்டவில்லை என்றால் அதை நடத்தைக் குறைபாடு என்று அழைப்பது எப்படி? நகரத்து அடுக்குமாடியில் எரிவாயு அடுப்பு பழுதானால் தொலைபேசியில் அழைத்து ஆள் வரவழைப்பவரின் நடத்தையை எவரும் ஆராய்வதில்லை. அங்கே பராமரிப்பு ஒரு சேவை. இங்கே அது அவளுடைய ஒழுக்கத்துக்கான சோதனையாகிவிடுகிறது.

பழக்கம் என்னும் பழி

இதே பாட்டைத்தான் உஜ்வலாவின் ஆதரவாளர்களும் பாடுகிறார்கள். கிராமத்துப் பெண்ணுக்கு விறகில் சுட்ட ரொட்டியின் சுவை பிடித்துப்போய்விட்டது. எரிவாயு வெடித்துவிடும் என்று அஞ்சுகிறாள். விறகு சும்மா கிடைக்கும்போது ஏன் வாங்குவாள் என்றெல்லாம் விளக்கங்கள் வருகின்றன. இவற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. 2018இல் பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலக் கிராமங்களில் ரைஸ் ஆய்வு நிறுவனத்தார் நடத்திய கணக்கெடுப்பில், உஜ்வலா பயனாளிக் குடும்பங்களில் 85 சதவீதம் இன்னும் விறகையும் வறட்டியையும் எரிப்பது தெரியவந்தது. விறகில் சமைத்ததே உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கையும், வீட்டில் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் பெண் இல்லாததும் காரணங்களில் அடங்கும் என்று அவர்கள் பதிவு செய்தனர். வீட்டுக்குள் நிலவும் இந்த ஆணாதிக்கத்தை மறுப்பது இடதுசாரிகளின் வேலையாக இருக்க முடியாது. சிலிண்டருக்கான பணம் கணவனின் சட்டைப்பையில் இருக்கிறது, புகை மனைவியின் நுரையீரலில் இருக்கிறது என்பது வர்க்கப் பிரச்சினையோடு பின்னிய பெண்ணடிமைத்தனம்.

ஆனால் சுவையும் பழக்கமும் மட்டுமே காரணமாயிருந்தால், விலை ஏறினாலும் இறங்கினாலும் பயன்பாடு ஒன்றுபோல இருக்க வேண்டும். அரசின் புள்ளிவிவரமே இதைப் பொய்யாக்குகிறது. 2019-20இல் உஜ்வலா குடும்பம் ஒன்று ஆண்டுக்கு வாங்கிய சிலிண்டர்கள் சராசரியாக 3.01. நான்கு மாதங்களுக்கு ஒன்று. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் மூன்று சிலிண்டர்கள் இலவசமாகத் தரப்பட்டன. மொத்தம் சுமார் 14 கோடி சிலிண்டர்கள். அந்த 2020-21 நிதியாண்டில் சராசரி 4.39 ஆக உயர்ந்தது. மறு ஆண்டு இலவசம் நின்றது, விலை ஏறியது, சராசரி 3.7க்கும் கீழே சரிந்தது. ஓராண்டில் நாக்கின் சுவை மாறி, மறு ஆண்டில் பழையபடி திரும்பிவிட்டதா? கையில் கிடைத்தபோது எரித்தார்கள். கிடைக்காதபோது காட்டுக்குப் போனார்கள். இதற்கு மேல் இதில் உளவியல் எதுவும் இல்லை.

பாஜகவுக்கும் இது நன்றாகத் தெரியும். 2023 சட்டமன்றத் தேர்தல்களில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் 450 ரூபாய்க்குச் சிலிண்டர் என்று அந்தக் கட்சி வாக்குறுதி கொடுத்தது. பிரச்சினை பழக்கம் என்றால் விழிப்புணர்வு முகாம் அறிவித்திருக்கலாமே!

விலையின் கதை

2020 மே மாதத்திலிருந்து சமையல் எரிவாயுவுக்கான நேரடி மானியம் ஏறத்தாழ எல்லா நுகர்வோருக்கும் பூஜ்யமாக்கப்பட்டது. பன்னாட்டுச் சந்தையில் விலை வீழ்ந்திருந்த வேளை அது; சந்தை விலையும் மானிய விலையும் ஒன்றாகிவிட்டன, ஆகவே மானியம் தேவையில்லை என்று காரணம் கூறப்பட்டது. சந்தை விலை மீண்டும் ஏறத் தொடங்கியபோது மானியம் திரும்பி வரவில்லை. டெல்லியில் 14.2 கிலோ சிலிண்டர் 2020 ஜூலையில் 594 ரூபாய். 2021 மார்ச்சில் 819. 2022 ஜூலையில் 1053. 2023 மார்ச்சில் 1103. மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலத்தில் ஏறத்தாழ 86 சதவீதம் உயர்வு. உஜ்வலா பெண்களுக்கு மட்டும் 200 ரூபாய் மானியம் என்று 2022 மே மாதத்தில்தான், அதாவது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அறிவித்தார்கள். அந்த இடைவெளியில், 2021-22ஆம் ஆண்டில் மட்டும், 92 லட்சம் உஜ்வலா குடும்பங்கள் ஒரு சிலிண்டர்கூட வாங்கவில்லை. மேலும் 1 கோடியே 8 லட்சம் குடும்பங்கள் ஒன்றே ஒன்று வாங்கின. நாடாளுமன்றத்தில் அமைச்சர் அளித்த விடையில் உள்ள எண்கள் இவை. ஐந்தாண்டுகளைக் கூட்டி 4 கோடிக்கும் மேல் என்று சில மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அதில் ஒரே குடும்பம் பலமுறை எண்ணப்பட்டிருக்கும். ஓராண்டின் கணக்கே போதுமான அளவு கொடியது, அதைப் பெருக்கிக்காட்டத் தேவையில்லை.

பிறகு தேர்தல் வந்தது. 2023 ஆகஸ்ட் இறுதியில், ரக்‌ஷா பந்தன் பரிசு என்று 200 ரூபாய் குறைப்பு. அக்டோபரில் உஜ்வலா மானியம் 300 ரூபாயானது. 2024 மார்ச் 8 அன்று, மகளிர் தினப் பரிசாக மேலும் 100 ரூபாய் குறைப்பு. மக்களவைத் தேர்தல் முடிந்தது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் உயர்வு. அதில் உஜ்வலா பெண்களும் தப்பவில்லை. அண்ணன் தங்கைக்குக் கொடுக்கும் பரிசைத் தேர்தலுக்குப் பின் பிடுங்கிக்கொள்ளும் வழக்கம் எந்தக் குடும்பத்திலும் கிடையாது.

2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒரே நாளில் இரண்டு முடிவுகளை எடுத்தது. உஜ்வலா மானியத்துக்கு அந்த நிதியாண்டில் 12,000 கோடி ரூபாய். ஆனால் மானியம் கிடைக்கும் சிலிண்டர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு 12இலிருந்து 9ஆகக் குறைப்பு. எண்ணெய் நிறுவனங்களின் இழப்பை ஈடுகட்ட 30,000 கோடி ரூபாய். இதற்கு முன் 2022 அக்டோபரிலும் இதே காரணத்துக்காக 22,000 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. பொதுத்துறை நிறுவனங்களுக்கு ஈடு தருவதை இடதுசாரிகள் எதிர்க்கவில்லை; விலையை அடக்கிவைத்ததால் அவற்றுக்கு இழப்பு உண்டு என்பதும் மெய்யே. ஆனால் நிறுவனத்தின் இழப்பு மட்டும் இழப்பாகக் கண்ணில் படுகிறது. 2020க்கும் 2022க்கும் இடையில் சிலிண்டர் வாங்க முடியாமல் புகையில் சமைத்த பெண்ணுக்கு எந்த அமைச்சரவை எப்போது ஈடு கொடுத்தது? வீட்டுப் புகையால் 2019ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 6 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது லான்செட் குழும இதழில் வெளியான மதிப்பீடு.

ஒன்பது சிலிண்டர்கள் போதாதா, சராசரியே நான்கரையைத் தாண்டவில்லையே என்று அமைச்சர்கள் கேட்கிறார்கள். 2024-25இல் சராசரி 4.47தான். உஜ்வலாவுக்கு வெளியே உள்ள நுகர்வோரின் சராசரியோ ஆறுக்கும் மேல். ஏழைகள் குறைவாக வாங்குவதை அவர்களுடைய தேவை குறைவு என்பதற்குச் சான்றாகக் காட்டுவது, பட்டினி கிடப்பவன் குறைவாகச் சாப்பிடுகிறான், ஆகவே அவனுக்குப் பசியில்லை என்று வாதிடுவதற்குச் சமம்.

மானியம் கைக்கு வரும் முறையும் கவனிக்கத்தக்கது. முதலில் முழு விலையையும் கொடுத்துச் சிலிண்டரை இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு வங்கிக் கணக்குக்கு மானியம் வரும். டெல்லியில் 2025 ஏப்ரல் விலை 853 ரூபாய். பாட்னாவில் அதைவிட அதிகம். 2025-26இல் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாள் கூலி 255 ரூபாய். மூன்று நாள் கூலிக்கும் மேற்பட்ட தொகையை, வேலை கிடைத்து, கூலியும் நிலுவையின்றி வந்தால், ஒரே நேரத்தில் எடுத்து வைக்க வேண்டும். மாதம் முழுவதும் தினக்கூலியில் அரிசியும் பருப்பும் சில்லறையாக வாங்கும் வீட்டில் இது நடக்கிற காரியமா? முதற்கட்ட உஜ்வலாவில் நிலைமை இன்னும் மோசம். இணைப்புக்கு அரசு தந்தது 1600 ரூபாய். அடுப்புக்கும் முதல் சிலிண்டருக்கும் பணமில்லாதவர்களுக்கு எண்ணெய் நிறுவனங்கள் கடன் கொடுத்தன. அடுத்தடுத்த சிலிண்டர்களுக்கு வர வேண்டிய மானியத்தில் அதைக் கழித்துக்கொண்டன. இலவச இணைப்பு என்ற விளம்பரத்தின் கீழ் ஏழைப் பெண் தவணைக் கடனாளியானாள். இந்த முறை 2018இல் தளர்த்தப்பட்டது. 2019இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, ஓராண்டு நிறைவு செய்த 1.93 கோடி பயனாளிகளின் சராசரியை 3.66 என்று குறித்தது. ஏறத்தாழ 2 லட்சம் பயனாளிகளின் பெயரில் ஆண்டுக்கு 12க்கும் மேற்பட்ட சிலிண்டர்கள் வாங்கப்பட்டிருந்ததையும் சுட்டிக்காட்டியது. ஏழையின் பெயரில் வந்த சிலிண்டர்களில் ஒரு பகுதி வணிக அடுப்புகளுக்குத் திருப்பப்பட்டதோ என்ற ஐயம் அதிலிருந்து எழுந்தது.

இதனிடையே நியாயவிலைக் கடை மண்ணெண்ணெயின் விலை 2016 முதல் 25 காசு வீதம் படிப்படியாக ஏற்றப்பட்டு, 2020இல் மானியமே இல்லாமல் போனது. எரிவாயு தீர்ந்த நாளில் கைகொடுத்த ஸ்டவ்வும் இவ்வாறு பறிபோனது. மேலே ஏறும் ஏணியைக் கொடுத்ததாகச் சொன்னவர்கள் கீழே இருந்த படியை உடைத்துவிட்டார்கள்.

குளிரும் ஓர் எரிபொருள் கேட்கிறது

சமவெளியில் இருந்துகொண்டு எழுதப்படும் திட்டங்களில் இன்னொரு குருட்டுத்தனமும் உண்டு. காஷ்மீரிலும் லடாக்கிலும் இமாச்சலின் மேட்டுப் பகுதிகளிலும் அடுப்பு சமைப்பதற்கு மட்டுமன்று. குளிர்காலத்தில் உயிரைக் காப்பதற்கும் அதுவே. தகரத்தால் ஆன புகாரி அடுப்பு அறையின் நடுவே நிற்கிறது. அதன் குழாய் கூரையைத் துளைத்து வெளியேறுகிறது. அதைச் சுற்றித்தான் குடும்பம் உறங்குகிறது. ஒவ்வொரு பருவத்திலும் குழாயைக் கழற்றிக் கரியைத் தட்ட வேண்டும். துருப்பிடித்த தகட்டை மாற்ற வேண்டும். இடுக்கு விட்டால் நச்சுவாயு அறைக்குள் இறங்கும். இத்தகைய வீட்டுக்கு இரட்டைப் பர்னர் அடுப்பைக் கொடுத்துவிட்டு விறகை ஏன் விடவில்லை என்று கேட்பது அறியாமை. எரிவாயு அடுப்பு ரொட்டியைச் சுடும், அறையைச் சூடாக்காது. விறகும் மலிவான மின்சாரமும் இல்லாமல் அங்கே குளிர்காலம் கடக்காது.

அடுக்களையும் அமைப்பும்

சமையல் எரிவாயு விலை ஏறும்போதெல்லாம் காலி சிலிண்டர்களை வைத்து மறியல் நடக்கிறது; மாலை போட்டு ஒப்பாரியும் வைக்கப்படுகிறது. நடக்க வேண்டியதுதான். 2004 முதல் 2008 வரை ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சிக்கு வெளியிலிருந்து ஆதரவளித்தபோதும் பெட்ரோலியப் பொருள்களின் விலையேற்றத்தை இடதுசாரிகள் எதிர்த்து நின்றனர். அந்த ஆதரவு விலகிய பின்னரே, 2010இல் பெட்ரோல் விலை சந்தைக்கு விடப்பட்டதும், 2012இல் மானிய சிலிண்டர்கள் ஆண்டுக்கு ஆறு என்று வெட்டப்பட்டதும் நடந்தன. ஆனால் விலை ஏறும் நாளில் எழும் குரல், விலை ஏறிய நிலையிலேயே நின்றுவிடும் மாதங்களில் தணிந்துவிடுகிறது. அடுப்படிப் பிரச்சினை மாதர் சங்கத்தின் வேலை, ஆலையும் நிலமும் மற்றவர்களின் வேலை என்ற பிரிவினை கிளைகளில் எழுதப்படாத விதியாக நிலவுகிறது. வீட்டு வேலை என்னும் சிறுசிறு நுகத்தடிகள் பெண்ணை நசுக்கி அவள் உழைப்பை விழுங்குவதை 1919இலேயே லெனின் சுட்டிக்காட்டினார். பொது உணவகங்களையும் குழந்தைக் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் முளைகளாக அவர் கருதியது அதனால்தான். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் 2020 முதல் நடத்திய ஜனகீய உணவகங்கள் 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டதை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். அதற்கு நேர்மாறாக, நாடெங்கும் பள்ளிகளில் மதிய உணவு சமைக்கும் பெண்களுக்கு ஒன்றிய அரசின் விதிப்படியான மதிப்பூதியம் மாதம் 1000 ரூபாய், அதுவும் ஆண்டில் 10 மாதங்களுக்கு மட்டும். 2009 முதல் அது மாறவில்லை. பல மாநிலங்களில் அவர்கள் சமைப்பதும் விறகில்தான். அரசின் சொந்த அடுப்பே புகைகிறது.

கோரிக்கைகள் தெளிவானவை. உழைக்கும் குடும்பங்களுக்குத் தேவையான சிலிண்டர்கள் முழுவதும் கட்டுப்படியான ஒரே விலையில், வாங்கும் இடத்திலேயே மானியம் கழித்து, கிடைக்க வேண்டும். ஒன்பது என்ற வரம்பு நீக்கப்பட வேண்டும். முழுத் தொகை புரட்ட முடியாதவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் நியாயவிலைக் கடையிலேயே மானிய விலையில் கிடைக்கச் செய்ய வேண்டும். குழாய் மாற்றுவதும் பர்னர் பழுது பார்ப்பதும் இணைப்பின் ஒரு பகுதியாக, கட்டணமின்றி, ஊருக்கே வந்து செய்யப்பட வேண்டும்; உள்ளூர் இளைஞர்களுக்கு அதில் நிரந்தர வேலை தரலாம். நாட்டின் தேவையில் ஏறத்தாழ 60 சதவீதம் இறக்குமதியாகிறது என்பது உண்மை. எஞ்சிய 40 சதவீதம் இங்கேயே உற்பத்தியாகும்போது அதற்கும் சவூதி ஒப்பந்த விலையை அடிப்படையாக்கிப் பெண்களிடம் வசூலிப்பதன் நியாயத்தையும் அரசு விளக்க வேண்டும். மலைப் பகுதிகளுக்குத் தனி எரிபொருள் ஒதுக்கீடு வேண்டும். கிளைகள் தத்தம் பகுதியில் ஒரு சிறு கணக்கையும் எடுக்கலாம்: எத்தனை வீட்டில் எரிவாயு அடுப்பு இருக்கிறது, கடைசிச் சிலிண்டர் எப்போது வந்தது, இன்று காலை எதில் சமைத்தார்கள்.

2020இல் அறிவிக்கப்பட்டு, பெருந்தொற்றால் தள்ளிப்போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் கேள்விகளில் சமையல் எரிவாயு இணைப்பு உண்டா என்பது ஒரு கேள்வி. சமையலுக்குப் பயன்படும் முதன்மை எரிபொருள் எது என்பது தனியே வேறொரு கேள்வி. 2027 கணக்கெடுப்பு முடிந்து இரண்டு விடைகளும் மாவட்டவாரியாக அருகருகே அச்சாகும். முதல் பத்தியைப் பல்லியா மேடைக்காரர்கள் விளம்பரப்படுத்துவார்கள். இரண்டாவது பத்தியை ஒவ்வொரு ஊரிலும் வாசித்துக்காட்டும் வேலை கிளைகளுக்கு இருக்கிறது.